உனக்கு என்னல கமிஷன்?

ஏலே பெரியவனே, காலையில இருந்து டெராஃப்ளாப்ஸ், டெராஃப்ளாப்ஸ்னு கத்திக்கிட்டு இருக்கியே, அது கிலோ என்ன வெலைல? பெட்டி கணக்குப் போடுத வேகத்துக்கு அளவாம்லா அது, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்ல 12 இருக்காம். பிளேஸ்டேஷன் 5-ல பத்தேகால்தானாம். அதனால இவன் பெட்டிதான் ஒசத்தியாம். சின்னவன் அதுக்கும் மேல. "எங்க பெட்டிதான் கூட வித்திருக்கு, நாங்கதான் ஜெயிச்சோம்"ங்கான். நாங்களாம்லா, நாங்க! ஜப்பான்ல இருக்க சோனிக்காரன் இவன் பேருல பாதிப் பங்கு எழுதி வச்ச மாதிரி. ஒரு பெட்டிக்கு எத்தன ரூவாடே உனக்குக் கமிஷன் வருது? வந்தா ஆச்சிக்குத் தெரியாம தாத்தனுக்கும் வெத்தலைக்கு ஒரு பத்து ரூவா தா.

இவருக்கு என்ன தெரியும்னு ரெண்டு பேரும் மொறைக்க வேண்டாம். ரேடியோவும் டிவியும் ரிப்பேரு பாத்துக் கை காய்ச்சவன் நான். டிவி கேம் பெட்டி வாராத நாள் கெடையாது அப்பம். கேசட்டு மேல "9999 ஆட்டம்"னு கலர்ப் படம் போட்டு ஒட்டிருப்பான். மாட்டிப் பாத்தா மொத்தமே ஒரு கை விரலுக்குள்ள அடங்கும். அதையே பேரை மாத்தி, வேகத்த மாத்தி, திரும்பத் திரும்ப அடுக்கி வச்சிருப்பான். நிண்டெண்டோ கம்பெனி 1983-ல ஜப்பான்ல விட்ட ஃபாமிகாம் பெட்டிய அச்சு அசலாக் காப்பியடிச்ச சாமான் அது. அசல் பெட்டிக்குள்ளயே மெமரி வெறும் 2 கிலோபைட்டு. அந்த 2 கிலோபைட்டுலதான் உங்க அப்பன் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்காம மாரியோவத் தாவ விட்டான். ஒரு நாளும் அவன் டெராஃப்ளாப்ஸ் கேட்டு அழுததில்ல. கேசட்டு ஓடலைன்னாத்தான் அழுவான். வாயால ஊதி மாட்டிக் கொடுப்பேன், சரியாயிரும்.

அட்டையில போடுத நம்பரை நம்பாதேன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த 9999 கேசட்டுதான். அமெரிக்காக்காரனுக்கு அதச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமப் போச்சு. அட்டாரி கம்பெனி 1993-ல ஜாகுவார்னு ஒரு பெட்டி விட்டான். மத்தவன் பலபேரு 16 பிட்டுல கெடந்தப்போ இவன் 64 பிட்டுன்னு தம்பட்டம் அடிச்சான். "கணக்கப் போட்டுப் பாரு"ன்னு டிவியில வெளம்பரம் வேற. உள்ள தொறந்தா டாம், ஜெர்ரின்னு பேர் வச்ச ரெண்டு சிப்பு. அத நெசமாவே 64 பிட்டுன்னு சொல்லலாமா கூடாதாங்கிற சண்டை இன்னமும் தீரல. ஜனங்க கணக்கப் போட்டுத்தான் பாத்தாங்க. ஆட வேண்டிய ஆட்டத்த எண்ணிப் பாத்தாங்க. மொத்த விற்பனை இரண்டரை லட்சத்தத் தாண்டல. பொறவு அந்தப் பெட்டி வார்க்குத அச்ச ஒரு கம்பெனிக்காரன் வாங்கிட்டுப் போயி, பல் டாக்டர் வாய்க்குள்ள விட்டுப் பாக்குத கேமராவுக்குக் கூடு அடிச்சான். சிரிக்காதல, நெசம். 64 பிட்டு கடைசியில கடைவாய்ப் பல்லு எண்ணப் போயிட்டு.

கெணத்துல தண்ணி இல்லாம பத்து எச்.பி. மோட்டாரை எறக்கி என்னல புண்ணியம்? கரண்டுதான் ஆகும், காத்துதான் வரும்.

நிண்டெண்டோக்காரன் கெட்டிக்காரன்தான், அவனும் ஒருக்கா இதுல மாட்டினான். 1996-ல நிண்டெண்டோ 64 விட்டான். சோனியோட மொத பிளேஸ்டேஷன விட அது பலசாலி. ஆனா ஆட்டத்த கேசட்டுலதான் கொடுப்பேன்னு புடிவாதம். கேசட்டுக்குள்ள எவ்வளவு திணிச்சாலும் 64 மெகாபைட்டு. சோனியோட சிடியில 650 மெகாபைட்டு, அதுவும் அடிக்கிறதுக்குச் செலவு ரொம்பக் கொறவு. அதுவரைக்கும் ஃபைனல் ஃபேண்டசி ஆட்டத்த நிண்டெண்டோவுக்கே செஞ்சுக்கிட்டு இருந்த ஸ்கொயர் கம்பெனிக்காரன் பாத்தான், மூட்டைய கட்டிட்டு சோனி வீட்டுக்குப் போயிட்டான். 1997-ல அந்த ஆட்டத்தோட ஏழாம் பாகம் மூணு சிடியில வந்துச்சு. பிளேஸ்டேஷன் 10 கோடிக்கு மேல வித்துச்சு, நிண்டெண்டோ 64 மூணேகால் கோடி சொச்சம். பலசாலி வீட்டுல இருந்த சமையக்காரனே கெளம்பிட்டா, பலசாலி எத்தன நாளைக்குப் பட்டினி கெடப்பான்?

இப்பம் சின்னவன் மொகத்தப் பாரு, பல்லு அத்தனையும் வெளிய. இருடே, உன் முறை வருது.

அதுக்கு முன்னால கேம் பாய் கதைய நிதானமாச் சொல்லணும், எனக்குப் புடிச்ச கதை. குன்பெய் யோகோய்னு ஒரு மனுசன். நிண்டெண்டோ அப்பம் சீட்டுக்கட்டு செய்யுத கம்பெனி, கியோட்டோவுல. 1965-ல சீட்டடிக்குத மிசினு ரிப்பேரு பாக்க அவர வேலைக்கு எடுத்தாங்க. பாத்துக்கோ, நம்ம சாதி! ரிப்பேரு சாதியச் சொன்னேன். மிசினு ஒழுங்கா ஓடுத நேரத்துல சும்மா இருக்க முடியாம வெளையாட்டுச் சாமான் செய்வாரு. அதப் பாத்த மொதலாளி திட்டாம, "இதையே செய்யி"ன்னுட்டாரு. நம்ம ஊர் மொதலாளியா இருந்தா சம்பளத்துல புடிச்சிருப்பான்.

அவரோட கொள்கை என்னன்னா, புதுசா வந்த வெலை கூடின சிப்பத் தேடி ஓடாதே. எல்லாரும் பயன்படுத்திப் பழசாயி, வெலை எறங்கி, கோளாறு எல்லாம் தெரிஞ்சு போன சாமானை எடுத்து, அதுல எவனும் நெனைக்காத வேலைய வாங்கு. ரிப்பேருக்காரன் புத்தி அது. ரயில்ல ஒருத்தன் பொழுது போகாம கால்குலேட்டரத் தட்டிக்கிட்டு வந்ததப் பாத்துட்டு, கால்குலேட்டருக்குப் போடுத கண்ணாடியிலயே ஆட்டம் செஞ்சாரு, 1980-ல. 1989-ல கேம் பாய். கலர் கெடையாது. பாசிபுடிச்ச பச்சையில நாலு நெறம், அவ்வளவுதான். உள்ள வெளக்கும் கெடையாது. வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் புடிச்சு ஆடணும்.

அதே வருசம் அட்டாரி லிங்க்ஸ்னு கலர்ப் பெட்டி விட்டான். மறு வருசம் சேகா கேம் கியர் விட்டான், அதுவும் பளபளன்னு கலரு. பெரியவனே, நீ அப்பம் பொறந்திருந்தா கேம் பாயப் பாத்துக் காறித் துப்பிருப்ப. ஆனா கலர்ப் பெட்டி ஒவ்வொண்ணுக்கும் ஆறு பேட்டரி போடணும். போட்டு மூணு மணி நேரம், நல்ல பேட்டரின்னா அஞ்சு மணி நேரம், செத்துப் போவும். கேம் பாய்க்கு நாலே பேட்டரி, பத்து மணி நேரத்துக்கு மேல ஓடும். பேட்டரிக்குக் காசு கொடுக்கிறது யாரு? உன்ன மாதிரிப் பயலுவளப் பெத்த அப்பன். அவன் எந்தப் பெட்டிய வாங்கிக் கொடுப்பான்? வெலையும் அமெரிக்காவுல கேம் பாய் கிட்டத்தட்ட 90 டாலர், கேம் கியர் 150.

அது மட்டும் போதாதே, ஆட வேணும்லா? கேம் பாய் கூட அமெரிக்காவுல டெட்ரிஸ் கேசட்டச் சேத்தே கொடுத்தான். அந்த டெட்ரிஸ் எங்க பொறந்துச்சு தெரியுமா? 1984-ல மாஸ்கோவுல, அலெக்சி பஜித்னோவ்ங்கிற ஆளு செஞ்சது. அவரு உக்காந்திருந்த கம்ப்யூட்டர்ல படம் போடவே வசதி கெடையாது. எழுத்துல அடைப்புக்குறி வரும் பாரு, அதச் சேத்துச் சேத்துத்தான் கட்டம் காட்டினாரு. படமே காட்டத் தெரியாத மிசினுல பொறந்த ஆட்டம், கலரே இல்லாத பெட்டியில ஏறி ஒலகத்தச் சுத்துச்சு. கேம் பாயும் பொறவு வந்த கேம் பாய் கலரும் சேந்து 11 கோடியே 86 லட்சத்துக்கு மேல வித்துச்சு. கேம் கியர் ஒரு கோடி சொச்சம். வளைகுடாப் போர்ல குண்டடிபட்டுக் கருகி உருகின ஒரு கேம் பாயி, அப்பவும் ஓடுதுன்னு நியூயார்க் நிண்டெண்டோ கடையில பல வருசம் காட்சிக்கு வச்சிருந்தான். மூஞ்சி வெந்து போச்சு, டெட்ரிஸ் ஓடிக்கிட்டே இருக்கு. எனக்கு அந்தப் பெட்டி மேல ஒரு மரியாதையே உண்டு.

சின்னவனே, இப்பம் வா. பலம் இல்லாத பெட்டிதான் ஜெயிக்கும்னு ஒரு முடிவுக்கு வந்துட்டியே, அந்த முடிவ அங்கனயே வையி. அதே யோகோய் 1995-ல வெர்ச்சுவல் பாய்னு ஒண்ணு கொண்டு வந்தாரு. கண்ணுல வச்சுப் பாக்கணும், எல்லாமே செவப்பு. எட்டு லட்சம் கூட விக்கல, ஒரு வருசத்துக்குள்ள கடையச் சாத்திட்டான். நிண்டெண்டோ 2012-ல விட்ட வீ யூ பெட்டி, மத்தவனோட பெட்டிய விடப் பலங் கொறஞ்சதுதான். 1 கோடியே 35 லட்சத்துலயே படுத்துட்டு. நோஞ்சானா இருக்கது ஒரு தகுதி கெடையாதுல. அப்படின்னா உனக்கு இந்நேரம் கலெக்டர் வேலை கெடைச்சிருக்கும்.

பலமும் ஜெயிச்ச காலம் உண்டு. 2013-ல பிளேஸ்டேஷன் 4-ம் எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் ஒரே மாசத்துல வந்துச்சு. உன் டெராஃப்ளாப்ஸ் கணக்குல சோனி 1.84, மைக்ரோசாஃப்ட் 1.31. ஜெயிச்சது சோனிதான், யாரு இல்லேன்னா? ஆனா வெலையப் பாரு: சோனி 399 டாலர், மைக்ரோசாஃப்ட் 499. ஆளப் பாக்குத கேமரா ஒண்ண வேண்டாம்னாலும் தலையில கட்டினான். அதுக்கும் மேல, வெளியிடுததுக்கு முன்னால, 24 மணி நேரத்துக்கு ஒருக்கா இன்டர்நெட்டுல ஆஜர் கொடுக்கணும், பழைய ஆட்டத்தக் கைமாத்துததுக்குக் கட்டுப்பாடுன்னு அறிவிச்சுட்டான். காசு கொடுத்து வாங்கினவன் தெனம் போயிக் கையெழுத்துப் போட அவன் என்ன ஜாமீன்ல வந்தவனா? சோனிக்காரன் அப்பம் ஒரு குட்டி வீடியோ விட்டான். ஆட்டத்தக் கைமாத்துதது எப்படின்னு தலைப்பு மாதிரி. ஒருத்தன் டிஸ்கை நீட்டுதான், இன்னொருத்தன் வாங்குதான். முடிஞ்சு போச்சு வீடியோ. அந்தக் குசும்பு எனக்குப் புடிச்சிருந்துச்சு. மைக்ரோசாஃப்ட் அந்த விதிய எல்லாம் வாபஸ் வாங்கினான், மறு வருசம் கேமராவ எடுத்துட்டு வெலையையும் எறக்கினான். ஆனா வண்டி போயிட்டு. பொறவு 2017-ல எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ், 6 டெராஃப்ளாப்ஸ், ஒலகத்துலயே பலசாலிப் பெட்டின்னு முரசு கொட்டினான். அதே வருசம் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் அதுக்குப் பக்கத்துல நோஞ்சான். அந்த நோஞ்சான் இன்னிக்கு 15 கோடியத் தாண்டிட்டு.

பலம், வெலை ரெண்டையும் ஒரே பெட்டியில வச்சு ஒருத்தன் பரீட்சை எழுதிக் காட்டினான், அது 2006-ல வந்த பிளேஸ்டேஷன் 3. சோனி, தோஷிபா, ஐபிஎம் மூணு பேரும் சேந்து செஞ்ச செல்னு ஒரு சிப்பு. பயங்கரப் பலம். ஆட்டம் எழுதுத பயலுவ அதுல வேலை வாங்கத் தெரியாமத் தலையப் பிச்சுக்கிட்டான். வெலை 499 டாலர், கொஞ்சம் பெருசு வேணும்னா 599. அதச் செஞ்ச கென் குட்டராகி, ஜனங்க கூடுதல் நேரம் வேலை செஞ்சாவது இத வாங்கணும்னு நெனைக்கணும்ங்கிற மாதிரி பேசினாரு. நல்லாயிருக்குல்லா? கடைக்காரன் வந்து, "உமக்கு வருமானம் பத்தலை, ஓவர்டைம் பாரும்"ங்கான்.

அதே மாசத்துல நிண்டெண்டோவோட வீ வந்துச்சு. அவனோட முந்தின பெட்டியான கேம்கியூப்போட சிப்பத் தட்டி நிமித்திப் போட்டது. அந்தக் காலத்துப் புது டிவிக்குத் தக்கன துல்லியமாப் படம் கூடக் காட்டாது. ஆனா கையில புடிக்கிற குச்சிய வீசினா டிவியில பந்து உருளும். 250 டாலர். அமெரிக்காவுல முதியோர் இல்லத்துக் கெழடு கட்டைங்க எல்லாம் நாற்காலியில உக்காந்து பௌலிங் ஆடினாங்க. என் வயசுக்காரனையும் காசு செலவழிக்க வச்சான் பாரு, அவன்தான்டே வியாபாரி. கடையில பெட்டி கெடைக்காம வரிசையில நின்னாங்க.

பிளேஸ்டேஷன் 3-ஐ அதிகமா மெச்சினது யாரு தெரியுமா? அமெரிக்க விமானப்படை. 1,760 பெட்டிய வாங்கி, ஒண்ணோட ஒண்ணு கோத்து, 2010-ல ஒரு சூப்பர் கம்ப்யூட்டரே கட்டிட்டான். 500 டெராஃப்ளாப்ஸ். பெரியவனே, உனக்குப் பலந்தான் முக்கியம்னா அங்கன போயிச் சேந்துரு, சாப்பாடும் போட்டுருவான். இதுல கூத்து என்னன்னா, பெட்டிய நட்டத்துக்கு வித்து, பொறவு ஆட்டம் விக்கையில எடுத்துக்கலாம்னு இருந்தவன் சோனி. ஆட்டமே வாங்காத வாடிக்கைக்காரன் ஆயிரக்கணக்குல பெட்டி கேட்டு வந்தா அவன் சிரிப்பானா அழுவானா? சின்னவனே, இது உனக்கும் சேத்துத்தான். வித்த பெட்டிய எண்ணிக்கிட்டே இருந்தாப் போதாது, சில நேரம் எண்ணிக்கை ஏற ஏற நட்டமும் ஏறும்.

கடைசியில பிளேஸ்டேஷன் 3 எப்படிப் பொழச்சுச்சு? சிப்போட பலம் கூடல. 2009-ல ஒடம்ப எளைக்க வச்சு, வெலைய 299 டாலருக்கு எறக்கினான். நல்ல ஆட்டமும் வந்து சேந்துச்சு. முக்கி முனகி 8 கோடியே 74 லட்சத்துக்கு வந்துட்டான். வீ 10 கோடியே 16 லட்சம். அதே பலம் 599-ல விக்கல, 299-ல வித்துச்சு. இதுக்கு மேல ஒனக்கு எந்த வாத்தியார் வந்து வெளக்கணும்?

விற்பனைக்கு ஏன் மதிப்புன்னா, ஆட்டம் எழுதுதவன் தலைய எண்ணுவான். ஒரு ஆட்டம் செய்ய நூத்துக்கணக்குல ஆளு, வருசக்கணக்குல சம்பளம். எந்தப் பெட்டி கூட வீட்டுல இருக்கோ அந்தப் பெட்டிக்குத்தான் மொதல்ல எழுதுவான். ஆட்டம் வந்தா ஆள் வருவான், ஆள் வந்தா ஆட்டம் வரும். பிளேஸ்டேஷன் 2 அப்படித்தான் 16 கோடிக்குப் போச்சு. 2001-ல வந்த மொத எக்ஸ்பாக்ஸ் அத விட நல்ல பலசாலி. சோனியில 32 மெகாபைட்டு மெமரி, இதுல 64. உள்ளயே ஹார்டு டிஸ்கும் வச்சிருந்தான். ஆனா சோனி 2000-லயே வந்து எடத்தப் புடிச்சுட்டான். பழைய பிளேஸ்டேஷன் சிடியும் ஓடும், சினிமா டிவிடியும் ஓடும். டிவிடி பிளேயரே வெலை கூடுதலா இருந்த நேரம். வீட்டுக்காரிகிட்ட "படம் பாக்கத்தான்"னு சொல்லியே பாதிப் பேரு வாங்கிருப்பான். எக்ஸ்பாக்ஸும் நிண்டெண்டோவோட கேம்கியூபும், ரெண்டையும் கூட்டினாலும் 5 கோடி எட்டல.

ஆகமொத்தம் கம்பெனிக்காரனோட வெற்றிய முடிவு பண்ணுதது விற்பனைதான். அந்த விற்பனைய முடிவு பண்ணுதது ஆட்டமும் வெலையும் வந்த நேரமும். பலம் அதுக்கெல்லாம் பொறவு, வரிசையில கடைசியில கைகட்டி நிக்கும். கூப்பிட்டா வரும், கூப்பிடாம முன்னால வந்தா அடி வாங்கும். மைக்ரோசாஃப்ட்டே 2015-க்குப் பொறவு எத்தன பெட்டி வித்தோம்னு சொல்லுததையே நிறுத்திட்டான். தோத்தவன் மார்க் சீட்ட அப்பன்கிட்டக் காட்டுவானா? நீயே காட்டினதில்லையே.

ஆனா சின்னவனே, அது கம்பெனிக்காரன் வெற்றி. உன் வெற்றி வேற. சேகாவோட ட்ரீம்காஸ்ட் 91 லட்சந்தான் வித்துச்சு. 2001-ல கம்பெனி பெட்டி செய்யுத தொழிலையே விட்டுட்டு. போட்டியா இருந்த நிண்டெண்டோ பெட்டியிலயே அதே வருசக் கடைசிக்குள்ள தன் சோனிக் ஆட்டத்த வித்துப் பொழச்சான். ஆனா ட்ரீம்காஸ்ட் வச்சிருந்தவன்கிட்டக் கேட்டுப் பாரு, கண்ணு கலங்கும். நல்ல ஆட்டம் இருந்துச்சு, இன்டர்நெட்டுக்கு மோடமும் பெட்டியிலயே வச்சிருந்தான். அவன் ஆடின ஆட்டம் விற்பனை கொறஞ்சதால கசந்தா போச்சு? 16 கோடிப் பேரு வாங்கினதால உன் கையில இருக்கது கூட இனிக்குமா? அந்தா பாரு உங்க அக்காள. நீங்க ரெண்டு பேரும் தொண்டை கிழியச் சண்டை போட்ட நேரத்துல அவ பேசாம உக்காந்து ரெண்டு லெவல் முடிச்சுட்டா. அவ கையில இருக்கதுல எத்தன டெராஃப்ளாப்ஸ்னு கேளேன், சாத்துவா.

சரி, வாங்கணும்னு நெனச்சா இப்படிச் செய்யுங்க. எந்த ஆட்டத்த ஆட ஆசைன்னு மொதல்ல ஒரு பேப்பர்ல எழுது. அது எந்தப் பெட்டியில வருதுன்னு பாரு. உன் கூட்டாளிப் பயலுவ எது வச்சிருக்கான்னு விசாரி, டிஸ்க மாத்தி மாத்தி ஆடலாம். பெட்டி வெலைய மட்டும் பாக்காதே, வருசத்துக்கு நாலு ஆட்டம் வாங்கினா என்ன ஆகும்னு சேத்துக் கூட்டு. ரிப்பேரு வந்தா பக்கத்து ஊருலயாவது பாக்க ஆள் இருக்கானான்னு கேளு. டெராஃப்ளாப்ஸ அந்தப் பேப்பரோட அடுத்த பக்கத்துல எழுதிக்கோ, எடம் இருந்தா. அப்புறம் அந்தப் பேப்பர எடுத்துக்கிட்டு நேரா உங்க அப்பன்கிட்டப் போங்க, என் பேரச் சொல்லாம.